சீட்டுக்கடியில் ஒரு பேட்டரி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர்கள் வரிசையில் வந்து நிற்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலும், தங்கைக்கு எப்போதாவது ஒரு கடிதமும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூடக் கண்டக்டரைக் கூப்பிடாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு பழைய டிராக்டரின் பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பாக இருக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்றை உரிய நேரத்தில் நான் சொல்லவில்லை. பேசத்தான் வரவில்லை, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி அம்பத்தூர்ப் பக்கம் நான் வந்தபோது அந்த டிராக்டர் ஏற்கெனவே கிழவனாகியிருந்தது. மாமனார் வாங்கியது. வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது என்பார்கள். சிவப்பு நிறமாக இருந்ததாம். நான் பார்த்தபோது அது செங்கல் தூள் மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது. மாமனார் போய்ச் சேர்ந்து, ஏரிப் பாசன நிலமெல்லாம் மனைக்கட்டாகி, கல் நட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். உழுவதற்கு எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் அதன் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியை மாட்டிக்கொண்டார். கொரட்டூரிலும் சுற்று வட்டாரக் காலனிகளிலும் குழாய் வற்றிக் கிடந்த வருடங்கள் அவை. விடிந்ததும் கிணற்றிலிருந்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருக்கு வேறு வேலை தெரியாது. எட்டாவதோடு படிப்பை விட்டவர். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். தம்பிக்காக மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்து ஒரு முறை வேலைக்குச் சேர்த்தும் விட்டார். பத்து நாள் போனார். பதினோராவது நாள் பாதியில் வந்து டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது என்றார். மூத்தார் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்.

மூத்தாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டு வழக்கப்படி இளைய மருமகள் மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, அவரிடம் நேராகப் பேசவும் கூடாது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் உள்ளே போய்விடுவேன். காபி கொடுக்க வேண்டுமானால் மாமியார் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். ஏழு வருடத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியது கிடையாது. அவரும் ஏதாவது கேட்க வேண்டுமானால் கூரையைப் பார்த்துக்கொண்டு, உள்ளே யாரையோ கேட்பது போலக் கேட்பார். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. பேசாமல் இருக்க ஒரு வழக்கம் துணைக்கு இருந்தது நிம்மதியாகத்தான் இருந்தது.

டிராக்டருக்கு இருந்த ஒரே நோய் பேட்டரி. மாலையில் நன்றாக இருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பிறகு தள்ள வேண்டும். தொட்டியைக் கழற்றிவிட்டு அக்கம் பக்கத்து ஆண்களைக் கூப்பிட்டுத் தள்ளி, ஓட்டத்தில் கியர் போட்டு எழுப்புவார். காலனியில் தண்ணீர் விடும்போது என்ஜினை அணைக்கவே மாட்டார். அணைந்துவிட்டால் குடத்தோடு நிற்கிறவர்கள்தான் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய ஒருவர் ஒரு நாள், "அண்ணாத்தே, டீசல் ஊத்திகினு வந்தியா, இல்ல எங்க தோள நம்பியே எட்துகினு வந்தியா?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

ஒரு பங்குனியில் மூத்தார் வந்திருந்தார். கொல்லையில் டிராக்டர் நிற்கிற இடத்தில் அவர் வீடு கட்ட நினைத்திருந்தார். எத்தனை நாளைக்குக் குவார்ட்டர்ஸ்? வண்டியை விற்றுவிட்டு இடத்தை விடு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதைப் பார்த்துத்தான் மூத்தார் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன்.

"இத பாரு. ஆயுத பூஜ அன்னிக்கு, பூஜ முடிஞ்சதும், தள்ளாம கொள்ளாம அது தானா கெளம்பட்டும். கெளம்புச்சுன்னா இன்னும் ஒரு வருசம் அது பாட்டுக்கு நிக்கட்டும். நான் வூட்டுக்கு கடக்கால் எடுக்கல. கெளம்பலைன்னா நான் ஆள் இட்டாந்து வெலைக்கு குட்துடுவேன். அப்பால நீ மூஞ்சத் தூக்கிகினு இருக்கக் கூடாது."

"செரி அண்ணாத்தே" என்றார் இவர்.

மாமியாரும் சாட்சி, சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சாட்சி.

புதுப் பேட்டரி வாங்குவது எங்களால் ஆகாத காரியம். பழையதைப் பிரித்து உள்ளே தகடு மாற்றிக் கட்டித் தருகிறவர் ஒருவர் பூந்தமல்லியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தார். என் அம்மா வீடும் பூந்தமல்லிதான். அதனால் ஒரு நாள் நானும் மட்கார்டு மேல் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டு போனேன். பேட்டரிக்காரர் பேட்டரியைக் கட்டி முடித்து, டிராக்டரைச் சுற்றி வந்து, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அந்த வண்டியில் பேட்டரிக்கு இடம் ஓட்டுகிறவரின் சீட்டுக்கு நேர் கீழே, ஓர் இரும்புப் பெட்டிக்குள்.

"இந்த பேட்டரிக்கு மூணு எமன் கீறான் நைனா. ஒண்ணு ஆட்டம். ஒண்ணு சூடு. மூணாவது உன் சீட்டு" என்றார்.

பிறகு காட்டினார். அந்தப் பெட்டிக்கு முதலில் ஒரு மூடி இருந்திருக்க வேண்டும். அது எந்தக் காலத்தில் போனதோ. இப்போது பேட்டரியின் மேலே இருக்கிற இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் சீட்டின் இரும்புக்கும் நடுவில் வெறும் காற்றுதான். சீட்டு ஒரு வில் பட்டை மேல் நிற்பது. ஆள் உட்கார்ந்தால் இறங்கும். என் வீட்டுக்காரர் ஒல்லி. அவர் உட்கார்ந்தால் இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருக்கும். கனமான ஆள் உட்கார்ந்து, வண்டியும் ஒரு குதி குதித்தால், இரும்பு ஈயத்தைத் தொடும். தொட்டால் நெருப்பு. புதிதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியென்றால் உள்ளேயிருந்து ஒரு வாயு வரும், அது வெடிக்கும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த இவர் நடுவில் டயரைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "நீ கேட்டுக்கோம்மா. இவன் மறந்துடுவான்" என்றார். ஆசிட் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சமையல் சோடாவைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்பதையும் என்னிடம்தான் சொன்னார்.

அன்றிலிருந்து பேட்டரி என் பொறுப்பாகிவிட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்டம். பெட்டி பெரியது, பேட்டரி சின்னது. மேடு பள்ளத்தில் உள்ளே உருண்டது. நான் சாக்கை மடித்து நாலு பக்கமும் திணித்தேன். ஒரே மாதத்தில் ஆசிட் கசிந்து சாக்கு கருப்புக் கூழாகிவிட்டது. கையால் அள்ளி எடுத்தேன், இரண்டு நாள் விரல் எரிந்தது. அடுத்து பங்க்சர் கடையில் லாரி டியூப் துண்டுகள் வாங்கி வரச் சொன்னேன். அவற்றை அரிவாள்மனையில் பட்டை பட்டையாக அறுத்துப் பெட்டிக்குள் ஒட்ட வைத்தேன். அடியில் ஒரு பலகை. அது நின்றது.

சூட்டுக்கு என் வீட்டுக்காரரே ஒரு வழி செய்தார். குளியலறைக் கூரைக்குப் போட்டதில் மிஞ்சிய ஆஸ்பெஸ்டாஸ் துண்டு ஒன்றை என்ஜின் பக்கமாகச் செருகினார். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியில் கை வைக்க முடியாது. செருகிய பிறகு வைக்க முடிந்தது. அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. வருகிறவர்களையெல்லாம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

திருட்டுப் பயமும் இருந்ததால் மாலையில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுவோம். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மெய்யோ பொய்யோ, அடுப்படி மூலையில் மணைப்பலகை போட்டு அதன் மேல்தான் வைப்பேன். மூன்று வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீடு. அவள் அந்த மூலையைச் சுற்றி வளைந்து நடக்கப் பழகிக்கொண்டாள். குமிழ்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றித் துடைத்து, வேஸ்லின் களிம்பு தடவுவேன். உள்ளே ஊற்றுவதற்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் ஃபிரிட்ஜ் இருந்தது. அதில் படிகிற வெள்ளை ஐஸைச் சுரண்டி உருக்கினால் அந்தத் தண்ணீர் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். ஐஸ் கேட்டுப் போய், அவர்கள் வாசலில் இரண்டு முறை நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவர்களே கதவைத் திறந்து என்ன என்று கேட்டார்கள். என் புடவை முந்தானைகளில் சல்லடை மாதிரி ஓட்டைகள் விழுந்தன. மாமியார் ஒரு நாள் டீச்சரம்மாவிடம், "பெத்த கொயந்தைய கீழ உட்டுட்டு பேட்டரிய இடுப்புல வச்சிகினு கீறா" என்றார். டீச்சரம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது எமன்தான் பாக்கி. குமிழ்களை மூட முதலில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பார்த்தேன். போல்ட்டின் முனை குத்திக் கிழிந்தது. இவர் பிளைவுட் துண்டு ஒன்றை மேலே வைத்தார். ஒரு மழையில் ஊறி உப்பி, சீட்டே சரியாக உட்காரவில்லை. அப்போதுதான் என் ரப்பர் செருப்பு கண்ணில் பட்டது. நீல வார் வைத்த ஹவாய் செருப்பு. குதிகால் தேய்ந்திருந்தது, முன்பக்கம் கனமாகவே இருந்தது. வாரைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கத்தை அறுத்து, அடியில் குமிழ் உட்காருகிற அளவுக்குக் குடைந்தேன். அளந்து செய்த மாதிரி பொருந்தியது. ஆசிட் அதை ஒன்றும் செய்யவில்லை, மழையும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பக்கத்துக்கு வைத்தால் போதும், இன்னொன்று எர்த்து, வண்டி இரும்போடு சேர்ந்ததுதான் என்றார் இவர். எனக்குப் பயம், இரண்டு செருப்பையும் அறுத்து இரண்டுக்கும் வைத்தேன். அதன் மேல் அவரே ஏறி உட்கார்ந்து குதித்துக் காட்டினார்.

ஆனி, ஆடி, ஆவணி. அந்த மூன்று மாதத்தில் டிராக்டரை ஒரு நாளும் தள்ளவில்லை. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அவர் தண்ணீர் விடும்போது வேண்டுமென்றே என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பிக் காட்டுவாராம். எனக்கு அந்த வீட்டில் நான் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பேட்டரியை மண்ணூர்பேட்டையில் சார்ஜ் கடையில் கொடுத்து முழுக்க ஏற்றி வாங்கிக்கொண்டோம். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தார். அன்று மட்டும் வீட்டுக்குள் வைக்காமல், அதைப் பெட்டியில் இறக்கிக் கேபிள் மாட்டிச் செருப்புகளையும் பொருத்திவிட்டோம். வேறு செய்ய எதுவும் இல்லை.

பூஜை அன்று காலையில் அவர் வண்டியைக் கழுவிவிட்டு, பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போனார். நானும் மாமியாரும் பொட்டு வைக்கத் தொடங்கினோம். சக்கரம், ஸ்டியரிங், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். மாமியார் எதையும் விட மாட்டார். சீட்டைத் தூக்கிப் பேட்டரிக்கும் வைக்கப் போனார்.

"இன்னாமே இது? சாமி கும்புட்ற வண்டில செருப்ப வச்சிகீற?"

பேட்டரிக்காக வைத்தது என்றேன்.

"எதுக்கா இருந்தா இன்னா, செருப்பு செருப்புதான். எடுமே மொதல்ல."

மாமியார் சொன்னதால்தான் எடுத்தேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அது முழு உண்மையாகாது. எனக்கே உள்ளூர வெட்கமாகிவிட்டது. மூன்று மாதம் நான் அதை ரப்பர் துண்டாகத்தான் பார்த்திருந்தேன். அவர் சொன்ன பிறகு செருப்பாகத் தெரிந்தது. சாமி காரியத்தில் என் காலில் கிடந்ததை வைத்திருக்கிறேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கற்பூரம் காட்டி முடித்ததும் மறுபடி வைத்துவிடலாம், இவர் உட்கார்ந்தால் எப்படியும் இடிக்காது என்று எண்ணி, இரண்டையும் குளியலறைச் சுவர் மேல் வைத்தேன். அவை இருந்த இடத்தில் மாமியார் சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் ஒன்றைப் போட்டார். சீட்டை இறக்கினோம்.

இவரும் மூத்தாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மூத்தார் தனியாக வந்திருந்தார். நவராத்திரிக்கு அவர் மனைவியும் பிள்ளைகளும் தாய் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பட்டு வேட்டி கட்டியிருந்தார். அவர் நல்ல கனம். நான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பூஜை நடந்த நேரம் முழுவதும் எனக்கு ஒரே கவலை கற்பூரத் தட்டுதான். புதிதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி, வாயு வரும், நெருப்புக் காட்டக் கூடாது என்று பூந்தமல்லிக்காரர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இவரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன், சீட்டுப் பக்கம் தட்டைக் கொண்டு போகாதீர்கள் என்று. அவர் அதன்படியே முன்பக்கம் நின்று காட்டிவிட்டுத் தட்டை வாசல்படியில் வைத்தார். கற்பூரம் அணைகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்ததும் அப்பாடா என்று இருந்தது. செருப்பு என் நினைவில் இல்லவே இல்லை.

நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இவர் ஏறத்தான் போனார். அப்போது மூத்தார், "இருடா. நான் ஏறுறேன். நம்ம நைனா பக்கத்துல ஒக்காந்து ஓட்டனது" என்றார். சாவிக்காகக் கையை நீட்டினார். இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அண்ணனே ஏறி, அண்ணன் கையாலேயே கிளம்பினால் அதற்கு மேல் பேச்சு எது? சாவியைக் கொடுத்துவிட்டு, பூசணிக்காயோடு முன்னால் போய் நின்றார்.

மூத்தார் படியில் கால் வைத்தபோதுதான் குளியலறைச் சுவர் என் கண்ணில் பட்டது.

அந்த நேரத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு எட்டு வைத்தால் டிராக்டர். "ஏறாதீங்க" என்று ஒரு வார்த்தை. அது யாரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையோ, அவரிடம் நான் பேசியதே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது. மாமியார் என் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த, அந்த செருப்பு. பேட்டரிக்கு வச்சது. மறுபடி வைக்கணும்."

"நல்ல நேரத்துல செருப்பப் பத்திப் பேசாதமே. சும்மா இரு" என்றார். மணியை நிறுத்தவில்லை.

வாசல்படி தாண்டி இரண்டு எட்டு வந்தேன். இவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இடுப்பில் இருந்த குழந்தையும் அவருக்குக் கையை ஆட்டியது. மூத்தார் உட்கார்ந்துவிட்டார். வில் பட்டை கிறீச்சென்று இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. இடிக்கவில்லை போலிருக்கிறது, சாமி காப்பாற்றியது என்று நினைத்தேன். அதனால் மறுபடி நின்றுவிட்டேன்.

சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் கிளம்பியது. புகை நேராக மேலே போனது.

"ஒரே அடில எட்துகிச்சிடா" என்று மூத்தார் சத்தமாகச் சொன்னார். "செரி, இருக்கட்டும். இன்னும் ஒரு வருசம் ஓட்டு."

இவர் பூசணிக்காயை உடைத்தார். வண்டி நகர்ந்து எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு சாக்கடை, அதன் மேல் ஒரு கல் பலகை. கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பின் சக்கரம் அதில் ஏறி இறங்கியது. சீட்டும் ஒரு முறை நன்றாக இறங்கி எழுந்தது.

தீபாவளிக்கு வைக்கிற பெரிய வெடிச் சத்தம். சீட்டுக்கு அடியிலிருந்து வெளிச்சமும் புகையும் வந்தன. செவ்வந்திப் பூக்கள் தெறித்து விழுந்தன. மூத்தார் கத்திக்கொண்டே ஒரு பக்கமாகக் குதித்தார். பேட்டரி போன பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் வண்டி, கிளம்பிவிட்டால் அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆளில்லாமல் தெருவில் மெதுவாகப் போய், எதிர் மனையில் நட்டிருந்த கல்லில் முட்டி, அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. இவர் ஓடிப்போய் ஏறி, என்ஜினை அணைக்கிற கம்பியை இழுத்து நிறுத்தினார்.

மூத்தாரின் இரண்டு கெண்டைக்காலிலும் ஆசிட். பட்டு வேட்டி பார்க்கும்போதே பொத்துக்கொண்டு போனது. மாமியார் மணியைப் போட்டுவிட்டு விபூதி எடுக்க ஓடினார். நான் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, தொட்டியடியில் இருந்த குடத்தைத் தூக்கி வந்து அவர் கால் மேல் ஊற்றினேன். பிறகு இன்னொரு குடம். பிறகு சோடா உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றினேன். அவர் எதிரில் நான் நின்றது அன்றைக்குத்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கம் போல வேறு பக்கம் பார்த்தபடி, "போதும்மா, போதும்" என்றார்.

கால் சிவந்து அங்கங்கே கொப்புளித்திருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் சொன்னார்களாம். மதியம் திரும்பி வந்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ சரியாப் பாத்துக்கலடா. பேட்டரியத் தொறந்து போட்டு வச்சிகீற. நான் ஒக்காந்ததோட போச்சு. உன் பொண்ணு ஒக்காந்திருந்தா? போதும். நாளைக்கே ஆள் இட்டாரேன்."

 அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை என்பது போல இவர் நின்றார்.  செருப்புக்கும் வெடித்ததற்கும் இருந்த சம்பந்தம் மாமியாருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் அடுப்படியில் நின்றேன். வெளியே போய், "நான் எடுத்ததுதான், அவர் மேல தப்பில்ல" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனதில் சரியாகக் கோத்து வைத்துக்கொண்டேன். கதவு வரை போனேன். காபி ஆறிவிட்டது என்று மாமியார் டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்ச் சூடு பண்ணினேன்.

மூத்தார் ஸ்கூட்டரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனார். அதன் பிறகு இவர் எதிர் மனைக்குப் போய், வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரியின் மேல் பாகம் இரண்டாகப் பிளந்திருந்தது. டியூப் பட்டைகள் அப்படியே இருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் குனிந்து எதையோ தேடினார். தெருவில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனார். குளியலறைச் சுவர் மேல் அவை இருந்தன. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"யாரு எட்த்தது?"

"நான்தான்."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் நான் குடைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"செரி" என்றார்.

அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செருப்புத் துண்டுகளை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் விஜயதசமி. காலை பத்து மணிக்கு, வண்டியை விலைக்கு எடுக்க மூத்தார் அனுப்பிய ஆள் பூந்தமல்லியிலிருந்து வந்தார். பேட்டரி இல்லாததால், இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. நான் அடுப்படி மூலையில் இருந்த மணைப்பலகையைக் கழுவி வெயிலில் காய வைத்தேன்.